ஒரே வட்டி, இருபத்தொரு நாடுகள்

போர்ஷே கயென் ஜெர்மன் பெயர் தாங்கிய சொகுசு கார். ஆனால் அது உருவாவது ஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராட்டிஸ்லாவாவில், ஃபோக்ஸ்வேகன் ஆலையில். சுமார் 54 லட்சம் பேர் வாழும் அந்தக் குட்டி நாடு ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் கார்களைத் தயாரிக்கிறது. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் உலகிலேயே முதலிடம். இத்தனை கார்களை உள்ளூரில் யார் வாங்குவது? பெரும்பாலானவை ஜெர்மனி போன்ற நாடுகளுக்கு ஏற்றுமதிக்குத்தான்.

அதனால் ஜெர்மனியில் வியாபாரம் படுத்தால் பிராட்டிஸ்லாவாவிலும் வேலை குறையும். 2009இல் இரு நாடுகளின் பொருளாதாரமும் 5 சதவீதத்துக்கு மேல் சுருங்கின. ஏறுவதும் இறங்குவதும் சேர்ந்தே நடக்கிற இந்தப் போக்கைத்தான் வணிகச் சுழற்சியின் ஒத்திசைவு என்கிறார்கள்.

ஐரோப்பாவுக்கு இது தலைபோகிற விஷயம். யூரோ நாடுகள் அனைத்துக்கும் வட்டி விகிதத்தை நிர்ணயிப்பது பிராங்க்ஃபர்ட்டில் உள்ள ஐரோப்பிய மத்திய வங்கி. விலைவாசி எகிறினால் வட்டியை ஏற்ற வேண்டும். தொழில் மந்தமானால் குறைக்க வேண்டும். ஒரு நாடு கொதிக்கும்போது இன்னொன்று குளிரில் நடுங்கினால்? பொது நாணயத்தின் இந்தச் சிக்கலைப் பொருளாதார அறிஞர் ராபர்ட் மண்டெல் 1961இலேயே அலசினார். வர்த்தகம் நெருங்க நெருங்கச் சுழற்சிகளும் தாமாக ஒன்றுபடும் என்று ஜெஃப்ரி ஃபிராங்கலும் ஆண்ட்ரூ ரோஸும் 1998இல் வாதிட்டார்கள். பால் க்ரூக்மனின் கருத்து இதற்கு நேர்மாறு. ஒவ்வொரு நாடும் தனக்குக் கைவந்த ஒரே தொழிலில் குவிந்தால் விலகல்தான் கூடும் என்பது அவர் கட்சி.

ஸ்லோவாக்கியா முதல் தரப்புக்குச் சாட்சி. ஸ்பெயின் வேறு கதை சொல்கிறது.

2003 ஜூன் முதல் 2005 டிசம்பர் வரை ஐரோப்பிய மத்திய வங்கியின் வட்டி 2 சதவீதம். 2005 தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலையற்றோர் 50 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். அந்த நாட்டுக்குக் குறைந்த வட்டி பொருத்தமான மருந்து. ஸ்பெயினிலோ விலைவாசி 3 சதவீதத்துக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. கடன் வாங்காதவர்தான் ஏமாளி என்கிற நிலை. வீடுகள் முளைத்தன. மாட்ரிட்டுக்குத் தெற்கே சியுடாட் ரியாலில் 100 கோடி யூரோவுக்கும் மேல் கொட்டி ஒரு விமான நிலையமே கட்டினார்கள். 2008இல் திறந்தது, 2012இல் மூடியது. நடுவில், அதற்குப் பணம் கொடுத்த வட்டாரச் சேமிப்பு வங்கியை 2009இல் ஸ்பெயின் மத்திய வங்கி தன் கட்டுப்பாட்டில் எடுக்க வேண்டிவந்தது. 2013இல் நாட்டின் வேலையின்மை 26 சதவீதம்.

சொந்த நாணயம் இருந்திருந்தால் அதன் மதிப்பு சரிந்து, ஏற்றுமதிச் சரக்கு மலிவாகியிருக்கும். போலந்துக்கு அந்த வசதி இருந்தது. 2008-09இல் அதன் நாணயமான ஸ்வாட்டி மளமளவென்று சரிந்தது. பெரிய உள்நாட்டுச் சந்தையும் கைகொடுக்க, 2009இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் வளர்ச்சி கண்ட ஒரே நாடு அதுதான்.

விலகல் இன்னும் தீரவில்லை. 2022 ஆகஸ்டில் எஸ்டோனியாவில் பணவீக்கம் 25 சதவீதம். பிரான்சில் 7 சதவீதத்துக்கும் கீழே. இரண்டுக்கும் ஒரே வட்டி.

இருந்தும் வாசலில் வரிசை குறையவில்லை. 2023இல் குரோஷியா யூரோவுக்கு மாறியது. 2026 ஜனவரி 1 அன்று பல்கேரியா 21ஆவது நாடாகச் சேர்ந்தது. போலந்துக் கடைகளில் இன்றும் ஸ்வாட்டிதான்.