சோற்றின் மேல் ஒரு வழக்கு

அண்மைக் காலத்தில் யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் ஒரு புதிய வழக்கு விசாரணைக்கு வந்திருக்கின்றது. குற்றவாளிக் கூண்டில் நிற்பது வேறெதுவுமன்று. நாம் தலைமுறை தலைமுறையாக உண்டு வந்த சோறுதான். கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வந்த மகன், தாய் ஆசையோடு அவித்த பிட்டை ஒதுக்கிவிட்டு, "அம்மா, எனக்கு முட்டையும் மீனும் போதும்; மாச்சாமான் ஒன்றும் வேண்டாம்" என்கிறான். தாய் திகைக்கின்றாள். சலரோகத்துக்குப் பத்தாண்டுகளாகக் குளிசை விழுங்கிவரும் தந்தையோ, மகனின் மெலிந்த வயிற்றைப் பார்த்து, அவன் சொல்வதிலும் ஏதோ இருக்கின்றது என்று எண்ணத் தலைப்படுகின்றார். சோற்றோடு சேர்த்துக் குளிசையையும் விட்டுவிடலாமா என்ற யோசனையும் அவருக்கு உண்டாகின்றது. மகனின் பேச்சைவிட, தந்தையின் இந்த யோசனையே நமக்குக் கவலை தருவது.

மாச்சத்து என்பது பாடசாலைப் பிள்ளைகள் காபோவைதரேற்று என்று படிக்கும் அதே பொருள்தான். அரிசி, கோதுமை, குரக்கன், மரவள்ளி, பனங்கிழங்கு, சீனி, பனங்கட்டி ஆகிய எல்லாவற்றிலும் அது உண்டு. உண்டபின் அது குளுக்கோசாகி இரத்தத்திற் கலக்கின்றது. அது தசைகளுக்குட் செல்ல வழி திறந்துவிடுவது சதையி சுரக்கும் இன்சுலின். அச்சுரப்புக் குறைந்தாலோ, உடல் அதற்குச் செவிசாய்க்க மறுத்தாலோ சலரோகம் தோன்றுகின்றது. ஆகவே மாச்சத்தைக் குறைத்தால் இரத்தத்திற் சீனி குறையும் என்ற வாதத்தில் அடிப்படைப் பிழை ஏதுமில்லை.

இவ்வாதம் புதியதுமன்று. இலண்டனிற் பிரேத அடக்கத் தொழில் நடத்திய வில்லியம் பான்ரிங் என்பவர் தமது பருமனைக் குறைக்க முதலில் தேம்ஸ் நதியிற் படகு வலித்தார். உடல் வலித்ததேயன்றி எடை குறையவில்லை, பசிதான் பெருகிற்று. பின்னர் ஒரு வைத்தியரின் சொற்படி பாண், சீனி, உருளைக்கிழங்கு, பியர் முதலியவற்றை நீக்கி, ஓராண்டில் நாற்பது இறாத்தலுக்கு மேல் இழந்தார். 1863இல் அதனை ஒரு சிறு பிரசுரமாக அவர் வெளியிட்டபோது இங்கிலாந்தே அதைப் பேசிற்று. 1921இல் ரொறன்ரோவில் இன்சுலினைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரும் பான்ரிங் என்ற பெயரினரே! அம்மருந்து வருமுன் சலரோகிக்கு வைத்தியர் செய்யக்கூடியதாக இருந்தது மாச்சத்தை மறுத்து ஏறக்குறையப் பட்டினி போடுவது மட்டுமே. 1972இல் அமெரிக்க வைத்தியர் றொபேட் அற்கின்ஸ் ஒரு நூலெழுதி அப்பழைய உணவுமுறைக்குப் புத்துயிர் கொடுத்தார். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுள் அது "பேலியோ" என்ற பெயருடன் தமிழ்நாட்டிற் பரவி, அங்கிருந்து நம்மிடமும் வந்து சேர்ந்தது. காலையுணவுக்கு நூறு பாதாம் பருப்பு என்பது அம்முறையிற் பிரசித்தமான ஒரு விதி. பாதாம் விற்கும் விலையில் அது எத்தனை குடும்பங்களுக்கு இயலும் என்பது வேறு கதை.

ஆராய்ச்சிகள் யாது கூறுகின்றன? ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் 609 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர் கொழுப்பையும் மற்றப் பிரிவினர் மாச்சத்தையும் ஓராண்டுக்குக் குறைக்கச் செய்து, 2018இல் முடிவை வெளியிட்டனர். கொழுப்பைக் குறைத்தோர் சராசரி 5.3 கிலோவும், மாச்சத்தைக் குறைத்தோர் 6 கிலோவும் இழந்தனர். பொருட்படுத்தத்தக்க வேறுபாடன்று. இரு பிரிவினருக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டவை மூன்று: மரக்கறியை நிறைய உண்க, சீனியையும் தீட்டிய மாவையும் விலக்குக, வீட்டிலே சமைத்து உண்க. சலரோகிகளைப் பொறுத்தவரை, மாச்சத்தை நன்கு குறைத்தோருக்கு முதல் ஆறு மாதங்களிற் சீனி தெளிவாகவே இறங்குகின்றது. ஓராண்டு செல்லும்போது அந்த அனுகூலம் மங்கிவிடுகின்றது. அதைத் தொடர்ந்து கடைப்பிடிப்பது எளிதன்று என்பதே முக்கிய காரணம் என நாம் நினைக்கின்றோம். திருவிழாவும் கலியாண வீடும் அந்தியேட்டியும் நிறைந்த ஊரில் ஒருவன் எத்தனை நாள் இலையைத் திருப்பி வைப்பான்?

நம்மோடு உணவிலும் உடலமைப்பிலும் ஒத்தவர்களை ஆராய்ந்த சென்னை நிபுணர்களின் கருத்து நமக்கு அதிகம் பொருந்தும். இந்தியாவெங்கும் 18,000 பேருக்கு மேற்பட்டோரின் உணவை ஆராய்ந்து 2022இல் அவர்கள் ஒரு கணக்கு வெளியிட்டனர். நாளுணவின் சக்தியில் மாச்சத்தை ஏறக்குறைய அரைவாசிக்குக் கொணர்ந்து, புரதத்தை ஐந்திலொரு பங்காக உயர்த்தினால், நோய் புதிதாகக் கண்டோர் அதனின்று மீள வாய்ப்புண்டு என்பது அக்கணக்கு. சோற்றை முற்றாக நாடு கடத்தும்படி அவர்கள் கூறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

துலாவும் துவிச்சக்கர வண்டியும்

இனி நமது குடாநாட்டுக்கு வருவோம். ஆறில்லாத இம்மண்ணிற் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைந்தது கிணற்று நீரால். அந்த நீர் மேலே வந்தது மனிதனின் காலாலும் கையாலும். ஒருவர் துலாவின் மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, ஒருவர் கிணற்றடியில் நின்று பட்டையைப் பிடித்து இறைக்க, இன்னொருவர் வாய்க்காலில் நீரைத் திருப்பிவிடுவார். விடியுமுன் தொடங்கும் அந்த வேலைக்குப் பின் ஒருவன் பெருங்கும்பமாகச் சோறுண்டால் அது தசையில் எரிந்து போயிற்று. அச்சோறும் பெரும்பாலும் மொட்டைக்கறுப்பன் போன்ற நாட்டு நெல்லைக் குத்தியெடுத்த தவிட்டரிசிச் சோறு. நெல் எக்காலத்திலும் இங்கே போதியதாக இருந்ததில்லை. ஒடியலும் குரக்கனும் சாமையும் பல வேளைப் பசியைத் தீர்த்தன.

பின்னர் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. ஆலையிலே தீட்டிய வெள்ளையரிசி வந்தது. கோதுமை மாவும் பாணும் வந்தன. 1990இன் பின் பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருளின்றிக் குடாநாடு முழுவதுமே துவிச்சக்கர வண்டி மிதித்தது. அக்கொடுமையை யாரும் மீண்டும் விரும்பார். 2009இற்குப் பின் தவணைக் கட்டணத்தில் மோட்டார் சைக்கிள் படலைக்கு வந்துவிட்டது. சந்திக்கடைக்குப் போவதற்கும் அதுவே வாகனமாயிற்று. கால் ஓய்ந்தது, கோப்பையிற் சோற்றின் உயரம் மட்டும் ஓயவில்லை. 2018, 2019 ஆண்டுகளில் இலங்கை முழுவதும் நடந்த ஓர் ஆய்விலே, வளர்ந்தோரில் நூற்றுக்கு 23 பேருக்குச் சலரோகம் இருந்தமை காணப்பட்டது.

அம்மியையும் உரலையும் மீண்டும் பெண்கள் தலையிற் கட்டுவதற்கு இதை ஒரு சாட்டாகக் கொள்ளும் ஆண்மக்களுக்கு நமது ஆதரவு கிடையாது என்பதையும் இங்கே சொல்லி வைக்கின்றோம்.

சோற்றையும் உழைப்பையும் வேறுவேறாகப் பிரித்து விசாரித்ததே இவ்வழக்கின் கோளாறு. சலரோகத்தின் காரணங்களைச் சொல்லவந்த பழைய சரக சங்கிதை, புதுத்தானியத்தையும் வெல்லப் பண்டங்களையும் குறிப்பிடும்போதே சுகமாக உட்கார்ந்திருத்தலையும் மிகு தூக்கத்தையும் சேர்த்தே குறிப்பிடுகின்றது. உழைக்கும் தசை இன்சுலினின் அனுமதிக்குக் காத்திராமலே குளுக்கோசை உள்ளெடுக்க வல்லது என்பது இக்கால விஞ்ஞானம். சாப்பாட்டுக்குப் பின் கால்மணி நேரம் நடப்பதன் பலன் அதிலேயே அடங்கியிருக்கின்றது. சென்னையில் நோயின் எல்லையில் நின்ற 531 பேரைக் கொண்டு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாண்டில் வெறும் அறிவுரை பெற்றோருள் நூற்றுக்கு 55 பேர் சலரோகிகளாயினர். உணவைத் திருத்தி நடைப்பயிற்சியும் செய்தோருள் 39 பேரே ஆயினர்.

ஆனால் நடந்தாற் போதும், எதையும் உண்ணலாம் என்று எண்ணுவோர் பான்ரிங்கின் படகை நினைத்துக்கொள்ள வேண்டும். மாணவர்கள் இக்கணக்கைச் செய்து பார்க்கலாம். ஒரு கோப்பைச் சோற்றில் ஏறத்தாழ 200 கலோரி. மூன்று கோப்பைக்கு 600. அரைமணி நேர விரைந்த நடையில் எரிவது ஏறத்தாழ 150. மூன்று கோப்பையை நடந்தே எரிக்க எத்தனை மணி நேரம் வேண்டும்?

தந்தையாருக்கு ஒரு சொல்

குளிசையோ இன்சுலினோ எடுப்பவர் வைத்தியரைக் கேளாமற் சோற்றைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. மருந்தின் அளவு பழைய சோற்றுக்கென நிர்ணயிக்கப்பட்டது. சோறு நின்று மருந்து நின்றிராவிட்டால் சீனி மட்டுமீறி இறங்கி மயக்கம் வரும். மருந்தையும் தாமே நிறுத்துவோரின் கதை இன்னும் துயரமானது. கண்ணும் சிறுநீரகமும் மெல்லக் கெடும். காலிலே தோன்றிய சிறு புண் ஆறாது, ஈற்றிற் காலையே எடுக்கவேண்டி வரும். சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு இறைச்சியும் முட்டையும் மிகுந்த உணவே பகையாகலாம். போதனா வைத்தியசாலைக்கு மாதந்தோறும் போகின்றவர், சோற்றைக் குறைக்கும் எண்ணத்தை அங்கேயே சொல்லிவிட்டால் மருந்தையும் அதற்கேற்பக் குறைத்துத் தருவார்கள்.

மற்றையோர்க்கு நாம் சொல்வது: சோற்றுக் கும்பத்தைப் பாதியாக்கி, அவ்விடத்தை முருங்கையிலை வறைக்கும் பயற்றங்காய்க்கும் மீனுக்கும் கொடுங்கள். சைவ உணவுக்காரர்க்குப் பயறும் கடலையும் கௌபியும் தயிரும் இருக்கின்றன. நாரும் புரதமும் கூடச் செல்லும்போது சீனி இரத்தத்தில் மெல்லவே ஏறும். குரக்கன் பிட்டு, ஒடியற் கூழ் ஆகியவை நல்லவையே; ஆயினும் அவையும் மாச்சத்துத்தான். சலரோகிக்கு நல்லதென்று சொல்லி மூன்று நீற்றுப்பெட்டிப் பிட்டை ஒருவரே முடிப்பதும், தேநீருக்குச் சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைத் தாராளமாகக் கடிப்பதும் தம்மைத் தாமே ஏமாற்றுவதாகும்.

பண்ணைக் கடற்கரையிலும் முற்றவெளியிலும் காலை மாலை நடப்போர் தொகை பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அங்கே காண்பது பெரும்பாலும் வைத்தியர் எச்சரித்தபின் நடக்க வந்தவர்களை. ஐந்து வயது முதற் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நமது பிள்ளைகளோ பாடசாலை வாங்கிலிருந்து எழுந்து ரியூட்டரி வாங்குக்குச் செல்கின்றனர். பலரை அங்கே கொண்டுபோய் இறக்குவதும் தகப்பனாரின் மோட்டார் சைக்கிள்தான்.