தன்னூரில் யானை, அயலூரில்…?

"தன்னூருக்கு யானை, அயலூருக்குப் பூனை" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. சொந்த ஊரிலே பெருமையோடு வாழ்பவன் பிறநாடு சென்றால் சிறுமையடைவான் என்பது அதன் கருத்து. ஆனால், பூனையாக நேரிடும் என்று அறிந்துகொண்டே ஒரு யானை அயலூருக்குப் புறப்படுமாயின், அதனை நாம் பேதைமை என்பதா, தீரம் என்பதா? இவ்வினாவுக்கு விடைகாண, இந்திய உதைபந்தாட்ட வீரர் பைச்சுங் பூட்டியாவின் வரலாறு பெரிதும் துணைசெய்யும்.

பூட்டியா 1976 டிசம்பர் 15 இல், தென் சிக்கிமிலுள்ள தின்கிதாம் என்னும் சிற்றூரிலே, உழவர் குடும்பமொன்றிற் பிறந்தார். இமயச் சாரலைச் சேர்ந்த அந்நிலப்பகுதி தலவாக்கலை வாசகர்களுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. அங்கும் செங்குத்தான சரிவுகள், அங்கும் மூடுபனி, தேமி என்னுமிடத்திலே தேயிலைத் தோட்டமும் உண்டு. மலைநாட்டில் சமதரை கிடைப்பதே அரிது. உதைத்த பந்து எல்லை கடந்தால் பள்ளத்துக்குள் இறங்கித்தான் தேடவேண்டும் என்பதை எமது தோட்டத்துச் சிறுவர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஒன்பது வயதிலே விளையாட்டுக்கான புலமைப்பரிசில் பெற்றுக் கங்தொக் நகரின் தாஷி நாம்கியால் பாடசாலையிற் சேர்ந்தார் பூட்டியா. 1992 இல் பாடசாலை அணிகளுக்கான சுப்ரதோ கிண்ணப் போட்டியிலே சிறந்த வீரராகத் தெரிவு செய்யப்பட்டார். அடுத்த ஆண்டே, பதினாறு வயதில், கல்கத்தாவின் புகழ்பெற்ற ஈஸ்ட் பெங்கால் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 1995 இல் இந்திய அணியிலும் இடம் கிடைத்தது.

1997 ஜூலை 13 ஆம் நாள், கல்கத்தா சால்ட் லேக் அரங்கிலே மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் கூட்டமைப்புக் கிண்ண அரையிறுதி ஆட்டம் நிகழ்ந்தது. கூடியிருந்தோர் தொகை 1,31,000 என்பர். ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது. அவற்றுள் மூன்று கோல்கள் பூட்டியாவினுடையவை. அன்று அவர் தம் நாட்டில் யானை என்று கூறின் மிகையாகாது.

அத்தகையவர் 1999 ஆம் ஆண்டு இறுதியிலே எங்கே சென்றார் தெரியுமா? மான்செஸ்டருக்கு அண்மையிலுள்ள பெரி என்னும் ஊருக்கு. பெயரளவிலே பெரி; ஆனால் ஊரோ சிறிது, கழகமும் சிறிது. 1900 இலும் 1903 இலும் இங்கிலாந்தின் எப்.ஏ. கிண்ணத்தை வென்ற பழம்பெருமை அதற்கு உண்டு. எனினும் பூட்டியா சென்றபோது அது இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. பெயர்தான் இரண்டாம் பிரிவு. பிரிமியர் லீக்கை முதற்படியாகக் கொண்டு எண்ணினால், அது மூன்றாம் படி. அக்கழகத்தின் கிக் லேன் மைதானமோ ஏறத்தாழ 12,000 பேரை மட்டுமே கொள்ளக்கூடியது.

ஒக்டோபர் 3 இல் கார்டிவ் சிட்டி கழகத்துடனான ஆட்டத்தில், முதன்முதலாக, மாற்று வீரராக இறங்கினார். குழு எண்ணிக்கையிலே இடம்பெற்றாலும் ஆடுவோர் வரிசையில் இடம்பெறக் காத்திருக்க வேண்டிய நிலை, குளிர், சேறு நிறைந்த தரை, உயரமும் பருமனும் மிக்க காவல் வீரர்களின் மோதல். முதலாவது லீக் கோலை அடிப்பதற்கு 2000 ஏப்ரல் 15 வரை, செஸ்டர்பீல்டுடனான ஆட்டம் வரை, காத்திருந்தார். பின்னர் முழங்காற் காயம் குறுக்கிட்டது. மூன்று பருவங்களில் 37 லீக் ஆட்டங்கள், மூன்றே கோல்கள். 2002 இல் பெரி கழகம் பண நெருக்கடியில் வீழ்ந்து, கீழ்ப்பிரிவுக்கும் இறங்கியது. பூட்டியா தாயகம் திரும்பினார்.

கணக்கை மட்டும் நோக்குவோர் இதனைத் தோல்வி என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. அவருக்கு முன்னர் 1936 இல், முகம்மது சலீம் என்னும் கல்கத்தா வீரர் ஸ்கொத்லாந்தின் செல்ரிக் கழகத்துக்காகக் காலிற் சப்பாத்தின்றி, துணிக்கட்டோடு ஆடி மக்களை வியப்பில் ஆழ்த்தினார். இரண்டு ஆட்டங்களின் பின், ஊர் நினைவு வாட்ட, திரும்பிவிட்டார். பூட்டியாவோ தனிமையையும் காயத்தையும் தாங்கி மூன்று பருவங்கள் நின்றார். அங்ஙனம் நின்றவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. 2003 இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசியான் கழகக் கிண்ணத்தை ஈஸ்ட் பெங்கால் வென்றபோது, அதிக கோல்கள் அடித்தவர் அவரே. 2007 இலும் 2009 இலும் நேரு கிண்ணத்தை வென்ற இந்திய அணியின் தலைவரும் அவரே. 2008 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சிக்கிமின் நாம்ச்சி நகரிலுள்ள விளையாட்டரங்கு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆயினும் இத்துறையின் நிழற்பக்கத்தையும் மாணவர்கள் அறிதல் வேண்டும். மேற்கு ஆபிரிக்காவின் அக்ரா நகரில் 1865 இற் பிறந்த ஆர்தர் வார்ட்டன், இங்கிலாந்தில் உதைபந்தாட்டத்தைத் தொழிலாகக் கொண்ட முதற் கறுப்பின வீரர் எனப் போற்றப்படுபவர். கோல் காப்பாளராகப் பல கழகங்களில் ஆடினார். ஆட்டம் ஓய்ந்தபின் நிலக்கரிச் சுரங்கத்திலே கூலி வேலை செய்து, 1930 இல் வறுமையில் மறைந்தார். அவரது கல்லறைக்குப் பெயர்க்கல் நாட்டப்பட்டது 1997 இலேதான்! கால் ஓயும் நாள் எல்லோருக்கும் வரும். அன்று கைகொடுப்பது கல்வி ஒன்றே.

நம்மவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியும் ஒன்றுண்டு. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு வேல்ஸ் நாட்டிற் பிறந்த விமல் யோகநாதன், 2023 இல் பார்ன்ஸ்லி கழகத்தின் முதல் அணியில் களமிறங்கினார். அதுவும் அப்போது மூன்றாம் படிக் கழகமே. நிலக்கரித் தொழிலாளர் வாழ்ந்த ஊரே.

இன்று எமது மலையகத்து இளைஞர் பலர் படிப்பையும் பிழைப்பையும் நாடிக் கொழும்புக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் செல்கின்றனர். தோட்டத்துப் பாடசாலையில் முதல் மாணவனாக விளங்கியவன் பல்கலைக்கழகத்திலே நூற்றில் ஒருவனாகிறான். ஊரிலே பேர்பெற்றவன் நகரத்துக் கடையில் பெயரற்ற சிப்பந்தியாகிறான். இச்சிறுமைக்கு அஞ்சியே சிலர் புறப்படுவதில்லை. சிலர் இடைவழியில் மீள்கின்றனர். மீண்டு வருபவனைத் "தோற்று வந்தான்" என்று வாசலில் நிறுத்தி எள்ளுவதைப் பெற்றோரும் சுற்றத்தாரும் விட்டொழித்தல் வேண்டும். அவன் எத்தனை கோல் அடித்தான் என்று கேட்பதற்கு முன், எத்தனை நாள் நின்றான், என்ன கற்றுவந்தான் என்று கேட்பதே முறை. சிறியவனாக இருந்து கற்கும் துணிவுடையவனே, பின்னர் ஒருநாள், பிறரை வழிநடத்தும் தகுதியைப் பெறுகிறான்.