கூத்துக்கு ஒரு பள்ளிக்கூடம்!

காஞ்சீபுரம் என்றால் பட்டு. அடுத்தது கோவில். சுற்றியுள்ள கிராமத்து மக்களைக் கேளுங்கள். கூத்தையும் சேர்த்துச் சொல்வார்கள்!

திரவுபதி அம்மன் கோவிலில் பாரத விழா நடக்கும். இரவு தொடங்கும் கூத்து, விடிந்த பிறகுதான் முடியும். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம் எல்லாம் உண்டு. ராஜா வேடத்துக்குக் கிரீடம், தோளணி, மார்புப் பதக்கம். இவை மரக்கட்டையில் செய்து, கண்ணாடித் துண்டு பதித்தவை. அதனால்தான் "கட்டைக்கூத்து" என்று பெயர்.

கோமாளி வருகிறான்

முதலில் வருகிறவன் ராஜா அல்ல. கட்டியக்காரன் என்ற கோமாளி! துரியோதனனே வந்தாலும், "யாரய்யா நீ?" என்று கேட்பான். ராஜா பாட்டாகப் பாடித் தன் பெருமையைச் சொல்ல வேண்டும். நடுநடுவே ஊர் வம்பும் விலைவாசியும் அவன் வாயில் புகுந்து புறப்படும். திரவுபதியின் துகிலை உரியும்போது கண்ணீர் விட்ட கூட்டம், சற்று நேரத்தில் வயிறு வலிக்கச் சிரிக்கும்.

பாரிஸ் நகரிலும் பாட்டும் வசனமும் கலந்த நாடகம் உண்டு. "ஒபேரா கோமிக்" என்ற அந்த நாடக சபை 1714-ல் தோன்றியது. அதற்குப் பெரிய மாளிகை இருக்கிறது. நம் கூத்துக்கு ஊர்ப் பொட்டலே போதும்.

படிப்பா? ஆட்டமா?

ஆனால், இரவெல்லாம் ஆடும் பையன் காலையில் எப்படிப் பள்ளிக்கூடம் போவான்?

பெருங்கட்டூர் ராஜகோபால் 10 வயதில் படிப்பை விட்டுக் கூத்துக்கு வந்தவர். தந்தையே ஆசான். 1990-ல் கலைஞர்கள் சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தார்கள். 2002-ல் ராஜகோபாலும், அவர் மனைவி ஹன்னே டி புரூயினும் காஞ்சீபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் ஒரு குருகுலம் தொடங்கினார்கள். ஹன்னே, ஆலந்து நாட்டிலிருந்து கூத்தை ஆராய வந்தவர்.

பிள்ளைகள் அங்கேயே தங்கினார்கள். பாடப் புத்தகமும் உண்டு, அடவும் உண்டு. கூத்துக்காகப் படிப்பை விட வேண்டியதில்லை!

பெண் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். இதுதான் பெரிய புதுமை. அதுவரை பெண் வேடத்தையும் ஆண்களே கட்டி வந்தார்கள். "கூத்தாடும் பெண்ணை யார் கட்டுவார்கள்?" என்ற பேச்சு எழாமல் இருக்குமா? ஆனாலும், பெண்கள் ஆடினார்கள். திரவுபதியாக மட்டும் அல்ல, கிரீடம் வைத்த ராஜாவாகவும்!

2017-ல் பாடகர் டி.எம்.கிருஷ்ணாவும் சங்கீதா சிவகுமாரும் இந்தக் கூத்தர்களோடு ஒரே மேடையில் பாடினார்கள். கச்சேரியும் கூத்தும் கலந்த மேடை அது.

18 ஆண்டுகள் நடந்த குருகுலம், 2020-ல் மூடப்பட்டது.