பூனை நாயாகலாம், நாற்காலி நகரக் கூடாது

சிவப்பு நாற்காலியில் தூங்கும் வெள்ளைப் பூனை வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தால் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் வரையும் ஏஐ மாடல் சில நொடிகளில் ஒரு படம் தருகிறது. படம் பிடித்துப்போகிறது, பூனை இருக்கும் இடத்தில் ஒரு நாய் இருந்தால் போதும் என்று தோன்றுகிறது. அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றி மறுபடி கேட்டால் நாய் வந்துவிடும். கூடவே நாற்காலியின் கால்கள் மாறியிருக்கும், ஜன்னல் வேறு பக்கம் போயிருக்கும், சுவருக்குப் புது நிறம் வந்திருக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் பிராம்ப்ட் எனப்படும் அந்த வாக்கியத்தை எழுதத் தங்களுக்குத் தெரியவில்லை என்று நினைத்து, சுவரையும் ஜன்னலையும் வர்ணித்து இன்னும் நீளமாக எழுதிப் பார்க்கிறார்கள். படம் அப்போதும் மாறிக்கொண்டேதான் இருக்கும். சொல்லைக் கொண்டு படத்தைத் திருத்துவதில் மாற்றம் சுலபமான பாதி. மற்றதையெல்லாம் இருந்த இடத்தில் இருக்க வைப்பதுதான் கடினமான பாதி. 2022 முதல் இந்தத் துறை கண்ட முன்னேற்றத்தில் பெரும்பங்கு இந்த இரண்டாவது பாதியில்தான் நடந்தது.

ஏன் எல்லாம் சேர்ந்து மாறுகிறது என்பதற்குப் படம் உருவாகும் விதத்தைப் பார்க்க வேண்டும். சிக்னல் போன பழைய டிவியில் தெரியும் புள்ளிமழை போன்ற வெறும் இரைச்சலில்தான் ஒவ்வொரு படமும் தொடங்குகிறது. அந்த இரைச்சலை மாடல் படிப்படியாக நீக்குகிறது. ஐம்பது படிகள் என்பது வழக்கமான அமைப்பு. முதல் சில படிகளிலேயே எது எங்கே இருக்கும் என்ற மொத்த அமைப்பும் முடிவாகிவிடும். ரோமம், நிழல், துணியின் மடிப்பு எல்லாம் கடைசிப் படிகளில் வருபவை. தொடக்க இரைச்சலைத் தீர்மானிக்கும் எண்ணுக்கு சீட் என்று பெயர். சீட், பிராம்ப்ட், மற்ற அமைப்புகள் எல்லாம் அப்படியே இருந்தால் அதே படம் திரும்ப வரும். சீட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு ஒரு சொல்லை மட்டும் மாற்றினால் ஏன் ஓரிடம் மட்டும் மாறுவதில்லை? மாடல் நம் வாக்கியத்தைச் சொல் சொல்லாகத் தனித்தனியே படிப்பதில்லை. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்புகளில் வாக்கியம் 77 இடங்கள் கொண்ட ஒரு வரிசையாகிறது. ஒவ்வோர் இடத்திலும் 768 எண்கள் இருக்கும். ஒரு சொல்லுக்கான எண்கள் அதற்கு முன்னால் வந்த எல்லாச் சொற்களையும் கணக்கில் எடுத்தே அமைகின்றன. ஆங்கில வாக்கியத்தின் தொடக்கத்திலேயே பூனை வந்துவிடுகிறது. அங்கே நாயை வைத்த உடனே, பின்னால் வரும் தூக்கம், சிவப்பு, நாற்காலி மூன்றின் எண்களும் மாறிவிடுகின்றன. கண்ணுக்கு அதே நாற்காலி என்ற சொல்தான். மாடலுக்கு அது வேறு நாற்காலி. அந்தச் சிறு வித்தியாசம் முதல் படியிலேயே உள்ளே புகுந்து, ஐம்பதாவது படிக்குள் வேறு அறையாகவே வளர்ந்துவிடுகிறது.

இதற்கு அழகான ஒரு வழியை 2022 ஆகஸ்ட்டில் கூகுளையும் டெல் அவீவ் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர் குழு ஒன்று காட்டியது. ப்ராம்ப்ட்-டு-ப்ராம்ப்ட் என்பது அந்த முறையின் பெயர். படம் உருவாகும் ஒவ்வொரு படியிலும், படத்தின் ஒவ்வொரு பகுதியும் வாக்கியத்தின் எந்தச் சொல்லுக்கு எவ்வளவு காது கொடுக்கிறது என்று மாடல் கணக்கிடுகிறது. இதற்கு கிராஸ்-அட்டென்ஷன் என்று பெயர். பூனை என்ற சொல்லுக்கான கணக்கை மட்டும் எடுத்து 16-க்கு 16 கட்டங்களில் வரைந்து பார்த்தால், பூனை படுத்திருக்கும் கட்டங்கள் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். நாற்காலி என்ற சொல்லுக்கு நாற்காலியின் கட்டங்கள். அதாவது, எது எங்கே என்ற வரைபடம் மாடலுக்குள் ஏற்கெனவே இருக்கிறது; யாரும் அதைத் தனியாகக் கற்றுக்கொடுக்கவில்லை. அந்தக் குழு செய்தது இதுதான்: பூனை வாக்கியத்துக்குப் படம் உருவாகும்போது வரும் வரைபடங்களைச் சேமித்துவைத்து, அதே சீட்டில் நாய் வாக்கியம் ஓடும்போது அதன் வரைபடங்களை எடுத்துவிட்டு பழையவற்றைப் பொருத்தினார்கள். இடம் பழைய வாக்கியத்திலிருந்து வருகிறது, பொருள் புதிய வாக்கியத்திலிருந்து வருகிறது. மாடலுக்குக் கூடுதல் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை.

இந்த முறையில் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, பழைய வரைபடத்தை எத்தனை படிகள் வரை பிடித்து வைத்திருப்பது என்பது. கடைசி வரை பிடித்து வைத்தால் நாய்க்குப் பூனையின் உடம்பு வந்துவிடும், மூக்கு நீள இடமிருக்காது. சீக்கிரமே விட்டுவிட்டால் நாய் இயல்பாக வரும், நாற்காலி கைவிட்டுப் போகும். இரண்டுக்கும் நடுவே எங்கே நிறுத்துவது என்பது பொருளுக்குப் பொருள் மாறுகிறது. எலுமிச்சை கேக்கைப் பூசணி கேக்காக்க நீண்ட பிடி தாங்கும். பூனையைக் குதிரையாக்க அந்தப் பிடி தாங்காது. ஒரு சொல்லின் வரைபடத்தை மட்டும் எண்ணால் பெருக்கி, பனியைக் கூட்டவோ ரோமத்தின் அடர்த்தியைக் குறைக்கவோகூட முடியும். எல்லைகளும் உண்டு. 16-க்கு 16 என்பது மொத்தம் 256 கட்டங்கள்தான் என்பதால், பூனையின் கழுத்து மணி போன்ற சின்னப் பொருளைத் துல்லியமாகப் பிடிப்பது சிரமம். பூனையை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு நகர்த்த இந்த முறையால் முடியாது. இடத்தைப் பிடித்து வைப்பதே அதன் பலம் என்பதால் இதில் வியப்பில்லை.

இவ்வளவு சுற்றுவழி எதற்கு, மாற்ற வேண்டிய இடத்தை பிரஷ்ஷால் வரைந்து காட்டிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், பல வேலைகளுக்கு அதுவே சிறந்த வழி. ஆனால் பிரஷ் வரைந்த எல்லைக்குள் இருந்த பூனையின் படுக்கை நிலையும் நிழலும் முழுதாக அழிந்து, புதிதாகக் கற்பனை செய்யப்படுகின்றன. பகல் காட்சியை இரவாக்க வேண்டுமென்றால் எந்த இடத்தை வரைவது? மாற்றம் படம் முழுக்கப் பரவி, அமைப்பு மட்டும் அப்படியே நிற்க வேண்டிய வேலைகளில் பிரஷ் உதவாது.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது. இன்றைய மாடல்களிடம் 'நாயாக மாற்று' என்று சொன்னாலே போதும், பிறகு இந்த வரைபடக் கதை பழங்கதைதானே? அந்த வசதி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். 2022 நவம்பரில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மூன்று ஆய்வாளர்கள் இன்ஸ்ட்ரக்ட்-பிக்ஸ்-டு-பிக்ஸ் என்ற மாடலை வெளியிட்டார்கள். கட்டளையைக் கேட்டுப் படத்தைத் திருத்த ஒரு மாடலைப் பழக்க வேண்டுமானால், திருத்துவதற்கு முந்தைய படமும் பிந்தைய படமும் ஜோடி ஜோடியாக லட்சக்கணக்கில் வேண்டும். அப்படியொரு தொகுப்பு அப்போது இருக்கவில்லை. அவர்கள் 700 திருத்தங்களை ஆட்களைக்கொண்டு எழுதவைத்து, அவற்றைக்கொண்டு ஜிபிடி-3 என்ற மொழி மாடலைப் பழக்கி நிறையக் கட்டளைகள் எழுதச் செய்து, அவற்றுக்கான ஜோடிப் படங்களை ப்ராம்ப்ட்-டு-ப்ராம்ப்ட் முறையிலேயே உருவாக்கினார்கள். சேர்ந்தவை 4,50,000-க்கு மேல். மாறாமல் பிடித்து வைக்கும் வித்தை பயிற்சித் தரவாக உள்ளே போய், கட்டளை கேட்கும் வித்தையாக வெளியே வந்தது. பயன்படுத்துகிறவர் கையிலும் அந்த மாடல் இரண்டு திருகுகளைக் கொடுத்தது: கட்டளைக்கு எவ்வளவு பணிவது, பழைய படத்துக்கு எவ்வளவு விசுவாசமாக இருப்பது. 2025 செப்டம்பரில் கூகுளின் நானோ பனானா என்ற படம் திருத்தும் மாடலில் தங்கள் புகைப்படத்தைக் கொடுத்து இந்தியாவெங்கும் ஏராளமானோர் பழைய சினிமா பாணியில் சேலைப் படங்கள் செய்துகொண்டார்கள். சேலை கட்டிய பெண்ணை வரைவது எந்த மாடலுக்கும் முன்பே கைவந்த வேலை. முகம் தன் முகமாகவே இருந்ததுதான் அதில் புதுசு.

ஆகவே பிராம்ப்டைத் திருத்துகிறவருக்கும் கவனம் மாறாதவற்றின் மேலேயே இருக்க வேண்டும். சீட்டை எழுதி வைத்துக்கொள்வது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு சொல்லை மாற்றுவது, வாக்கியத்தின் மற்ற பகுதியில் கை வைக்காமல் இருப்பது எல்லாம் பழைய மாடல்களில் கட்டாயம். கட்டளை கேட்கும் புதிய மாடல்களில் 'நாற்காலி, ஜன்னல், வெளிச்சம் அப்படியே இருக்கட்டும்' என்று வெளிப்படையாகச் சொல்வது பலன் தருகிறது. ஒரு திருத்தத்தின் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போவதில் மட்டும் எச்சரிக்கை தேவை. இவற்றில் பல மாடல்கள் ஒவ்வொரு சுற்றிலும் படத்தைச் சுருக்கி உள்ளே எடுத்து, விரித்து வெளியே தருகின்றன. ஒவ்வொரு முறையும் யாரும் தொடச் சொல்லாத தோலின் நுணுக்கமும் எழுத்துகளின் விளிம்பும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. நாலைந்து மாற்றங்கள் வேண்டுமென்றால், எவை வேண்டும் என்று முடிவு செய்தபின் முதல் படத்துக்கே திரும்பிப் போய், எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் எழுதிக் கேட்பது நல்லது.