பத்து மணிக் கூட்டம்

நம் திருப்பத்தூரில் ரயில் நிலையம் கிடையாது. சென்னைக்கு ரயிலில் போக வேண்டுமானால் காரைக்குடி சந்திப்புக்குப் பஸ் ஏற வேண்டும். ஆனால் பயணச்சீட்டை வீட்டிலிருந்தபடியே ஐ.ஆர்.சி.டி.சி. இணையதளத்தில் வாங்கிவிடலாம். மறுநாள் பயணத்துக்கான 'தட்கல்' சீட்டு காலை 10 மணிக்குத் திறக்கிறது. 9.55-க்கு நன்றாக ஓடிக்கொண்டிருந்த தளம், 10 மணி அடித்ததும் திணறுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். வீட்டில் ஒரு சாவு, மருத்துவமனையில் ஒரு அவசரம் என்று சீட்டுக்குக் காத்திருப்பவர்களுக்கு அந்த ஒரு நிமிடம் பெரிது.

"இன்னும் பெரிய கணிப்பொறி வாங்கி வைத்தால் என்ன?" என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? எவ்வளவு பெரியது வேண்டும் என்று முதலில் கணக்கிட்டுப் பார்ப்போம்.

இணையத்தில் நாம் கேட்பதை எடுத்துக் கொடுக்கும் கணிப்பொறிக்குச் சர்வர் என்று பெயர். அதை ஒரு டிக்கெட் கவுண்ட்டராக நினைத்துக்கொள்ளுங்கள். அது சராசரியாக நிமிடத்துக்கு 10 பேரைக் கவனிக்கிறது. நிமிடத்துக்கு 5 பேர் வந்தால், ஒருவர் வந்து வேலை முடித்துப் போகச் சராசரியாக 12 விநாடி ஆகும். 8 பேர் வந்தால் 30 விநாடி. 9 பேர் வந்தால் 1 நிமிடம். 9.9 பேர் என்றால் 10 நிமிடம்! சூத்திரம் எளியது: ஒன்றை, திறனுக்கும் வருகைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். வித்தியாசம் பூஜ்யத்தை நெருங்க நெருங்க, விடை எங்கேயோ போய்விடுகிறது.

திறனைவிட வருகை குறைவாக இருக்கும்போதே ஏன் வரிசை நீள்கிறது? மக்கள் கடிகாரம் வைத்துக்கொண்டு ஆறு விநாடிக்கு ஒருவராக வருவதில்லை. சில நேரம் யாரும் வருவதில்லை. சில நேரம் கும்பலாக வருகிறார்கள். கவுண்ட்டர் சும்மா இருந்த விநாடிகளைச் சேமித்து வைத்துக் கும்பல் வரும்போது செலவிட முடியாது. டென்மார்க் நாட்டுக் கணித அறிஞர் ஏ.கே. எர்லாங், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றியபோது இதே போன்ற கேள்விக்குத்தான் விடை தேடினார்: எத்தனை அழைப்புகளுக்கு எத்தனை இணைப்புகள் வேண்டும்? இது குறித்த அவருடைய முதல் கட்டுரை 1909-இல் வெளிவந்தது. சர்வர் என்ற பேச்சே இல்லாத காலம் அது.

இன்னொரு கணக்கையும் பார்ப்போம். இதற்கு 1961-இல் நிரூபணம் தந்தவர் ஜான் லிட்டில். ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் இருப்பவர்களின் எண்ணிக்கை = வருகை வீதம் × ஒருவர் தங்கும் நேரம். 2025 மே 22-ஆம் தேதி காலை 10 மணிக்கு, ஒரே நிமிடத்தில் 31,814 பயணச்சீட்டுகள் பதிவாயின. அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 530. ஒருவர் பெயரெல்லாம் நிரப்பிப் பணம் கட்டி முடிக்க 3 நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டு, இதே வேகம் நீடித்தால், தளத்துக்குள் ஒரே சமயத்தில் 95,000 பேருக்கு மேல் இருப்பார்கள். சீட்டுக் கிடைக்காதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை!

எனவே சர்வர் அமைப்பைத் தேர்ந்தெடுப்பவர் நாள் சராசரியைப் பார்த்தால் ஏமாந்துபோவார். மிக நெரிசலான நிமிடத்தைத்தான் பார்க்க வேண்டும். அடுத்து, அந்த வேலையைப் பல கணிப்பொறிகளுக்குப் பங்கிட முடியுமா என்று கேட்க வேண்டும். எனக்கு இந்தக் கேள்விதான் சுவையானதாகப் படுகிறது.

உங்கள் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவை எடுத்துக்கொள்வோம். லட்சக்கணக்கானோர் ஒரே காலையில் பார்க்கிறார்கள். ஆனால் மதிப்பெண் மாறப்போவதில்லை. நூறு கணிப்பொறிகளில் நூறு நகல்கள் வைத்து, வருபவர்களை ஆளுக்கொரு பக்கம் திருப்பிவிட்டால் போதும். ரயில் இருக்கை அப்படியல்ல. 23-ஆம் எண் இருக்கை ஒன்றுதான் உண்டு. அதை நூறு நகல் எடுத்தால் நூறு பேருக்கு விற்றுவிடுவோம்! ஒருவர் அதை எடுக்கும் கணத்தில் மற்றவர்களை நிறுத்தி வைத்தே தீர வேண்டும். ஆகையால் பக்கத்தைக் காட்டுவது, பெயரை வாங்குவது போன்ற வேலைகளை முன்வரிசையில் பல கணிப்பொறிகள் பங்கிட்டுக்கொள்கின்றன. இருக்கைக் கணக்கு பின்னால் தரவுத்தளத்தில் இருக்கிறது. அந்தத் தரவுத்தளம் மெதுவாக இருந்தால், முன்வரிசையில் மேலும் பத்துக் கணிப்பொறிகளைச் சேர்த்துப் பயனில்லை. கல்யாணப் பந்தியில் இடம் இல்லாதபோது மண்டப வாசலை அகலப்படுத்துவது போலத்தான் அது.

இணையவழிச் சீட்டு விற்பனை 2002 ஆகஸ்டில் தொடங்கியது. நிமிடத்துக்கு 2,000 சீட்டாக இருந்த திறன், 2014-இல் வந்த புதிய அமைப்பினால் 7,200 ஆயிற்று. ஆயினும் தட்கல் நேரத்தில் நெரிசல் தீரவில்லை. வருகை திறனையே தாண்டிவிட்டால் நம் சூத்திரமும் கைவிட்டுவிடும். வரிசை நீண்டுகொண்டே போகும்.

2015 ஜூனில் ஒரு மாற்றம் செய்தார்கள். குளிர்சாதன வகுப்புக்கு 10 மணி, மற்ற வகுப்புகளுக்கு 11 மணி என்று நேரத்தைப் பிரித்தார்கள். ஒரு பெரிய கூட்டம் இரண்டு சிறிய கூட்டங்களாயிற்று. கடிகாரமும் சர்வர் அமைப்பின் ஒரு பகுதிதான் என்பேன்.

கூட்டத்தில் எல்லோரும் மனிதர்களும் அல்லர். தட்கல் திறந்த முதல் 5 நிமிடங்களில் உள்ளே நுழைய நடக்கும் முயற்சிகளில் பாதி வரை தானியங்கி நிரல்களுடையவை என்று 2025-இல் ரயில்வே தெரிவித்தது. அவற்றை வாசலிலேயே தடுக்க ஏற்பாடுகள் செய்ததோடு, அந்த ஆண்டு ஜூலை முதல் இணையத்தில் தட்கல் சீட்டு வாங்க ஆதார் சரிபார்ப்பையும் கட்டாயமாக்கினார்கள். இதனால் என்ன லாபம் என்பதை நம் கவுண்ட்டர் கணக்கிலேயே பார்க்கலாம். நிமிடத்துக்கு 9.9 பேர் வந்த இடத்தில் 9 பேர் வந்தால் குறைவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் 10 நிமிடக் காத்திருப்பு 1 நிமிடமாகிவிடுகிறது.