காரைத் தாங்கும் நான்கு அஞ்சல் அட்டைகள்



விடுமுறை வந்தால் உங்களில் பலர் குடும்பத்தோடு காரில் ஊருக்குக் கிளம்புவீர்கள். பெட்டி, தண்ணீர், புளியோதரை எல்லாம் ஏற்றியாகிவிடும். ஆனால், டயரை யாராவது பார்த்தார்களா?

முதலில் ஒரு கணக்கு. ஆட்கள், சாமான்கள் உட்பட காரின் எடை 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு டயருக்கு 300 கிலோ. டயருக்குள் இருக்கும் காற்று, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 2.3 கிலோவைத் தாங்குகிறது. (டயர் கடைக்காரர் இதையே பி.எஸ்.ஐ. கணக்கில் '33' என்பார்.) 300-ஐ 2.3-ஆல் வகுத்தால் விடை ஏறத்தாழ 130 சதுர செ.மீ.

ஓர் அஞ்சல் அட்டையை அளந்து பாருங்கள். நீளம் 14 செ.மீ., அகலம் 9 செ.மீ. பரப்பளவு 126 சதுர செ.மீ. அதாவது, ஒவ்வொரு டயரும் ஓர் அஞ்சல் அட்டை அளவு இடத்தில்தான் சாலையைத் தொடுகிறது! வளைவில் திரும்புவதும், பிரேக் போட்டால் நிற்பதும் அந்த நான்கு அட்டைகளை நம்பித்தான்.

சுமப்பது யார்?

ரப்பர்தான் காரைச் சுமக்கிறது என்று நினைப்போம். பஞ்சரான டயர் என்ன ஆகிறது? சப்பையாகிவிடுகிறது அல்லவா? உண்மையில் சுமப்பது காற்றுதான்!

காற்றடைத்த டயருக்கு 1845-லேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் காப்புரிமை பெற்றார். அது பரவவில்லை. பெல்ஃபாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், 1887-ல் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த டயரைச் செய்து மாட்டினார். மறு ஆண்டு காப்புரிமையும் பெற்றார். அதன் பிறகுதான் காற்று டயர் உலகெங்கும் உருண்டது.

காற்று குறைந்தால் என்ன?

ஒரு மெல்லிய இரும்புக் கம்பியைப் பெரியவர் ஒருவரை இப்படியும் அப்படியுமாகப் பலமுறை மடக்கச் சொல்லுங்கள். மடங்கிய இடம் சூடாகும். காற்று குறைந்த டயரின் பக்கவாட்டுச் சுவரும் இப்படித்தான். ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 முறை சுற்றும். வெயிலில் தகிக்கும் சாலை வேறு! சூடு ஏறி ஏறி, டயர் வெடித்தே போகலாம்.

பஞ்சர் ஆகாவிட்டாலும் காற்று மெல்லக் குறையும். கண்ணால் பார்த்தால் தெரியாது. மானி வைத்துத்தான் அளக்க வேண்டும். மாதம் ஒருமுறையும், நீண்ட பயணத்துக்கு முன்பும், டயர் ஆறியிருக்கும் காலை நேரத்தில் பார்ப்பது நல்லது. எவ்வளவு காற்று வேண்டும் என்ற அட்டவணை, பெரும்பாலும் ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும்.

டயர் சொல்லும் சேதி

வண்டி நிற்கும்போது, பெரியவர் துணையோடு டயரை உற்றுப் பாருங்கள்.

* இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால், காற்று குறைவாக இருந்திருக்கிறது.
* நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால், காற்று அதிகம்.
* ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால், சக்கரம் நேராக இல்லை. அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.
* பக்கச் சுவரில் வீக்கமோ ஆழமான வெட்டோ இருந்தால், அந்த டயரோடு பயணம் வேண்டாம். மாற்றிவிட வேண்டும்.

டயரின் 'பட்டன்' பள்ளங்கள் அழகுக்காக இல்லை. மழையில் டயருக்கு அடியில் சிக்கும் தண்ணீரை வெளியேற்றும் வாய்க்கால்கள் அவை. மொட்டை டயரில் வாய்க்கால் ஏது? அஞ்சல் அட்டைக்கும் சாலைக்கும் நடுவே தண்ணீர் புகுந்து, கார் வழுக்கிவிடும்.

பள்ளத்தின் அடியில் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மி.மீ. பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால், புது டயர் வாங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

டயருக்கும் வயது உண்டு. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 2423 என்றிருந்தால், 2023-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரம் பிறந்த டயர். அதிகம் ஓடாத டயரும் நாளாக ஆக இறுகி, வெடிப்பு விடும். ஐந்து வயதைத் தாண்டிய டயரை, ஆண்டுதோறும் விவரம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

ஐந்தாவது டயர்

டிக்கியில் ஒரு 'ஸ்டெப்னி' தூங்குகிறதே, அதை மறந்துவிடாதீர்கள். வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் உள்ள ஸ்டெப்னி தெருவில் மாற்றுச் சக்கரம் தயாரித்தார்கள். தெருவின் பெயரே சக்கரத்தின் பெயராக நம் ஊர் வரை வந்துவிட்டது! பஞ்சரான இடத்தில் ஸ்டெப்னியிலும் காற்று இல்லாவிட்டால், நடுவழியில் நிற்க வேண்டியதுதான்.

அடுத்த பயணத்துக்கு முன், ஒரு தாளில் ஐந்து டயருக்கும் ஐந்து கட்டம் போடுங்கள். காற்று, பட்டன், வீக்கம், பிறந்த வாரம் ஆகியவற்றை எழுதி அப்பா அம்மாவிடம் கொடுங்கள். அதைப் பார்த்த பிறகு வண்டி கிளம்பட்டும்!