பாம்பு விஷக் க்ரீம்: முகத்தில் பூசலாமா?

"பாம்பு விஷத்துல செஞ்ச க்ரீமாம். ஒரே மாசத்துல முகச் சுருக்கமெல்லாம் ஓடிப் போயிடுமாம். வாங்கலாமா, வேண்டாமா?"

சென்னையில் மட்டுமல்ல, திண்டுக்கல் ஆர்.எம். காலனியிலும் கேட்கிற கேள்விதான் இது. துபாயிலிருந்து வருகிற தம்பி ஒரு டப்பாவைக் கொண்டுவந்து நீட்டுகிறார். இல்லாவிட்டால் நாத்தனார் மகள் செல்போனில் விளம்பரத்தைக் காட்டுகிறாள். மகள் கல்யாண போட்டோவில் தன் முகமும் கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டுமே என்று நாற்பத்தைந்து வயது அம்மா ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் சில டப்பாக்களின் விலையில் வீட்டுக்கு அரை மாத மளிகை வாங்கிவிடலாம். அதனால் கொஞ்சம் விசாரித்துவிட்டு வாங்குவோமே!

முதலில் பயம் தெளியட்டும். இந்தக் க்ரீம்களில் பெரும்பாலானவற்றில் பாம்பு விஷம் ஒரு துளிகூடக் கிடையாது. நம் வயல்காட்டில் திரியும் நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் விஷத்தை எடுப்பது கடிக்கு மருந்து தயாரிப்பதற்காக. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் கூட்டுறவுச் சங்கம் அந்த வேலையைச் செய்து வருகிறது. அந்த இருளர் சமூகத்துப் பாம்பு பிடிப்பவர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. உயிர் காக்கும் அந்த விஷத்துக்கும் அழகு க்ரீமுக்கும் சம்பந்தமில்லை.

க்ரீம்காரர்கள் சொல்வது வேறு பாம்பு. மலேசியாவில் பினாங்கு பாம்புக் கோவிலில் மரக்கிளைகளில் சுருண்டு கிடக்கும் ஒரு வகை விரியன். அதன் விஷத்தில் 'வாக்லெரின்' என்ற பொருள் உண்டு. "சுருங்கு" என்று நரம்பு அனுப்பும் உத்தரவு தசைக்குப் போய்ச் சேராமல் அது தடுத்துவிடும். அதைப் பார்த்து சுவிட்சர்லாந்தின் பென்டாஃபார்ம் கம்பெனி ஆய்வகத்திலேயே ஒரு சின்ன மூலக்கூறைச் செய்து 'சின்-ஏக்' என்று பெயர் வைத்தது. பல கம்பெனிகள் வாங்கித் தங்கள் க்ரீமில் கலக்கின்றன.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. புருவத்தை நெறித்து நெறித்து விழும் கோட்டுக்குத் தசை ஒரு காரணம் என்பதும் உண்மை. இதே வழியில் தசையைத் தளர்த்தும் போடாக்ஸுக்கு 2002-ல் அமெரிக்காவில் புருவ மத்திச் சுருக்கத்துக்காக அனுமதி கிடைத்தது. ஆனால் போடாக்ஸ் ஊசி! டாக்டர் அதை நேராகத் தசையிலேயே போடுகிறார். பலன் மூன்று, நான்கு மாதம் நிற்கும். க்ரீமோ மேலே பூசுவது. தோலின் மேல்பகுதியில் இறந்த செல்கள் ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கியிருக்கின்றன. அந்த அடுக்கு காகிதத்தைவிட மெல்லியது என்றாலும் கில்லாடிக் காவல்காரன். தோட்டத்து ஆட்களைக் கேளுங்கள், பல் இறங்கினால்தான் விஷம் ஏறும் என்பார்கள். காயமில்லாத தோலில் நிஜ விஷமே பட்டாலும் சுலபமாக உள்ளே போகாது. (கண்ணில் பட்டால் கதை வேறு.) அப்படியிருக்க, க்ரீமில் துளியூண்டு கலந்த மருந்து தோல், கொழுப்பு எல்லாம் தாண்டித் தசையைத் தொடுமா? அதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை.

"28 நாளில் 52 சதவீதம் வரை சுருக்கம் குறைகிறது" என்கிறார்களே? அது தயாரித்தவர்களே சொல்லும் கணக்கு. அதில் 'வரை' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். நன்றாகப் பலன் தெரிந்தவரின் அளவு அது, எல்லோருக்கும் கிடைப்பது அல்ல. அதோடு, எந்த நல்ல க்ரீம் தடவினாலும் தோல் ஈரம் பிடித்து மெல்லிய கோடுகள் மறையும். உலர்ந்த திராட்சை தண்ணீரில் ஊறினால் உப்புகிறதே, அந்த மாதிரி. சாதாரண கோல்ட் க்ரீமும் இதைச் செய்யும்.

தேனீ விஷக் க்ரீம் என்றால் மட்டும் ஜாக்கிரதை. அதில் நிஜமான விஷமே கலந்திருக்கலாம். தேனீ கொட்டி உடம்பு தடித்தவர்கள், மூச்சுத் திணறியவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

சரி, சுருக்கத்தைக் கொண்டுவருவது யார்? வயது பாதி, வெயில் பாதி. 2012-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 69 வயது லாரி டிரைவரின் படம் வந்தது. 28 வருடம் வண்டி ஓட்டியவர். ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் வரிவரியாகச் சுருங்கித் தொங்கியது, மறுபக்கம் நன்றாக இருந்தது. கண்ணாடி வழியாகவும் உள்ளே வரும் புற ஊதாக் கதிரின் வேலை அது. நம்ம ஊரில் டிரைவருக்கு வலது கன்னம்! திண்டுக்கல் வெயிலில் தினமும் ஸ்கூட்டரில் பிள்ளையைப் பள்ளிக்கு விடுகிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம். ஆஸ்திரேலியாவில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை வைத்து நாலரை ஆண்டு நடந்த ஆய்வு 2013-ல் வெளியானது. தினமும் சன்ஸ்க்ரீன் பூசியவர்களின் தோல், தோன்றியபோது பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவாகவே முதிர்ந்திருந்தது. எஸ்.பி.எஃப் 30 போதும். ஆனால் பொட்டு வைக்கிற அளவு பூசினால் பலனில்லை. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் எடுக்க வேண்டும். வெயிலிலேயே இருந்தால் இரண்டு மணிக்கு ஒரு தடவை திரும்பப் பூசணும். குடையும் தாவணித் தலைப்பும் செலவில்லாத உதவி.

விழுந்த சுருக்கத்துக்கு டிரெட்டினாயின் என்ற மருந்து உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கவே கூடாது. கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

உண்மையில் பயப்பட வேண்டியது விஷத்துக்கு அல்ல, முகவரி இல்லாத டப்பாவுக்கு. கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்தில், வெள்ளையாக்கும் க்ரீம் பூசிய பலருக்குச் சிறுநீரகம் பாதித்தது 2023-ல் வெளிவந்தது. சந்தேகம் பாதரசத்தின் மேல். வேறு சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். பத்தே நாளில் முகம் மின்னும், நிறுத்தியதும் சிவந்து எரியும், தோல் மெலியும். "ஒரு வாரத்துல ரிசல்ட்" என்றால் சந்தேகப்படுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஆசையாக இருக்கிறதா? வாங்குங்கள், ஆனால் வெளிநாட்டு டப்பாவில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். சேர்மானப் பட்டியல் கட்டாயம் இருக்க வேண்டும். அதில் அதிகமாகக் கலந்தது முதலில் வரும். விளம்பரத்தில் பெரிதாகப் பேசிய பொருள் கடைசி வரியில் இருந்தால் நீங்களே புரிந்துகொள்வீர்கள். முழங்கை உள்பக்கம் கொஞ்சம் தடவி, இரண்டு நாள் பொறுத்து, அரிப்போ தடிப்போ இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் மட்டும் புதுசாக எதையும் ஆரம்பிக்காதீர்கள்.